கப்பலின் நிறையும் கொழுந்தின் நிறையும்

கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் பொல்பிட்டியப் பகுதியில் ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. 1969ஆம் ஆண்டு முதல் அங்கே அமைந்துள்ள நீர்மின் நிலையத்தைச் சுழற்றிவிட்டுச் செல்லும் நீர், கொழும்புக்கு வடக்கே கடலிற் கலக்கின்றது. சூழவுள்ள மலைச்சரிவுகளில் விளையும் தேயிலையும் கொழும்பையே அடைந்து கப்பலேறுகின்றது. பாதை ஒன்றே, எனினும் அதன் இரு முனைகளிலும் இரு வேறு நீதிகள் ஆட்சி செய்கின்றன. கடல்முனையில் நிறை என்பது சட்டம். மலைமுனையில் நிறை என்பது நிறுப்பவரின் வாய்ச்சொல். இவ்வேறுபாட்டை இயற்கையின் நியதிபோல ஏற்றுக்கொள்ளும் மனப்பான்மையே இங்கு கண்டனத்துக்குரியது.

கப்பற்றுறையில் நிறைக்குரிய மதிப்பு எவருடைய கருணையினாலும் வந்ததன்று. அளவுக்கு மீறிப் பாரமேற்றப்பட்ட கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்கிய 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அவை ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்றே அழைக்கப்பட்டன. சாமுவேல் பிளிம்சொல் பாராளுமன்றத்தில் நடத்திய போராட்டத்தின் விளைவாக 1876இல் பாரக்கோடு சட்டமாயிற்று. ஆனால் அக்கோட்டைக் கப்பலின் எவ்விடத்தில் வரைவதென்பதை அச்சட்டம் கப்பற் சொந்தக்காரரிடமே விட்டுவிட்டது. கோட்டின் இடத்தையும் சட்டமே நிர்ணயிப்பதற்கு மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் சென்றன. அளவுகோல் ஒருதரப்பின் கையிலிருக்கும்வரை அளவு என்பது வெறும் அலங்காரமே என்ற பாடத்தை உலகம் அவ்வாறுதான் கற்றது.

அதன் பின்னர் வந்தவையும் இப்பாடத்தின் தொடர்ச்சியே. ஒரு மெற்றிக் தொன்னோ அதற்கு மேலோ நிறையுள்ள பொதியைக் கப்பலில் அனுப்புவதாயின், அதன் நிறையை அழியாதவாறு பொதியின் மேலே குறிக்க வேண்டுமென 1929இல் சர்வதேசத் தொழில் தாபனம் உடன்படிக்கை செய்தது. பாரந்தூக்கியின் கீழே நிற்கும் தொழிலாளி, தன் தலைக்கு மேலே தொங்குவது எவ்வளவு பாரம் என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 2016 யூலை 1ஆம் திகதி முதல், மொத்த நிறை உறுதிப்படுத்தப்படாத கொள்கலன் எதனையும் கப்பலில் ஏற்றலாகாது என்ற சர்வதேச விதியும் நடைமுறைக்கு வந்தது.

சைகை முறையிலும் இதே நெறியைக் காணலாம். சரக்கறையின் வாயிலில் நிற்கும் சைகையாளர் ஒருவரின் கையசைவுக்கே பாரந்தூக்கி இயக்குநர் கட்டுப்படுவார். பலர் சைகை காட்டினாற் குழப்பமே மிஞ்சும். இவ்விதிக்கு ஒரேயொரு விலக்கு உண்டு. ‘நிறுத்து’ என்னும் சைகையை எவர் காட்டினாலும் பாரந்தூக்கி நின்றாக வேண்டும். காட்டியவர் அதிகாரியா, அன்று காலை வேலைக்கு வந்த கூலியாளா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

இனி மலைக்கு வருவோம். கொழுந்து பறிக்கும் பெண் நாளில் இரண்டு மூன்று தடவை தன் சுமையைத் தராசுக்குக் கொண்டு வருகின்றாள். ஈரத்துக்கென்று சில கிலோ, சாக்குக்கென்று சில கிலோ எனக் கழிக்கப்பட்ட பின்னரே அவள் பெயருக்கு நேரே இலக்கம் விழுகின்றது. இவ்வாறு அளவின்றிக் கழிக்கப்படுகின்றதென்பது மலையகத்தின் நெடுங்கால முறைப்பாடு. குறித்த அளவு எட்டப்படாவிடின் முழுப்பேர் அரைப்பேராகின்றது. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டபோது அறிக்கைகள் முழங்கின. ஆனால் வர்த்தமானியில் ஏறிய சம்பளத்தைத் தராசின் தட்டில் இறக்கிவிட முடியுமெனின், அவ்வுயர்வின் பொருள்தான் என்ன? அத்தராசின் முன்னே ‘நிறுத்து’ என்று கையுயர்த்தும் உரிமை அவளுக்கு உண்டா?

“மழைநாளிற் கொழுந்தில் நீர் இருக்கத்தானே செய்யும்? சாக்குக்கும் நிறை உண்டே?” என்று வாதிடுவோர் உளர். உண்மையே, எவரும் அதை மறுக்கவில்லை. கொள்கலனுக்கும் நிறை உண்டு. அதன் வெறுநிறை எவ்வளவு என்பது அதன் கதவிலேயே எழுதப்பட்டுள்ளது. மொத்த நிறையிலிருந்து அந்த நிறையே கழிக்கப்படுகின்றது. அதற்கு மேல் ஒரு கிலோவும் அன்று. சாக்கை நிறுத்துப் பார்த்துக் கழிப்பது கணக்கு; நிறுக்காமலே கழிப்பது களவு. இரண்டையும் ஒன்றெனக் காட்டுவது வாதமாகாது.

“இலத்திரனியல் தராசு வந்துவிட்டது, இனிப் பிரச்சினை தீரும்” என்பது மற்றொரு வாதம். 1876ஆம் ஆண்டின் பாரக்கோடும் இவ்வாறே வந்தது. கருவி புதியதாயினும் அதைப் படிப்பவரும் பதிபவரும் ஒருதரப்பினரேயாயின், பழைய அநீதி புதிய வெளிச்சத்தில் மின்னும், அவ்வளவே.

“கடலிலும் விதிகள் மீறப்படுகின்றனவே” என்போரும் உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பாற் தீப்பற்றி, யூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை அவர்கள் சுட்டுவர். நைத்திரிக் அமிலம் கசிந்த கொள்கலனை இறக்கக் கட்டாரின் ஹமாட் துறைமுகமும் இந்தியாவின் ஹசீரா துறைமுகமும் மறுத்தன. எச்சரிக்கை இருந்தும் பேரழிவு நிகழ்ந்தது. ஆயினும் எக்கொள்கலனில் எது இருந்தது என்பதற்கு ஆவணம் இருந்தது. 2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தப் பணித்தது. எழுத்தில் உள்ள விதி மீறப்படும்போது குற்றம் பிறக்கின்றது. எழுத்தே இல்லாதவிடத்தில் இழப்பு மட்டுமே பிறக்கின்றது. வாய்ச்சொல்லாற் கழிக்கப்பட்ட கொழுந்துக்கு எந்த நீதிமன்றத்தில் எந்த ஆவணத்தைக் காட்டுவது?

ஆகவே கோரப்படவேண்டியவை மிகச் சில. சாக்கின் நிறை தொழிலாளி முன்னிலையில் நிறுக்கப்பட வேண்டும். ஈரத்துக்கான கழிவு ஏற்கெனவே இணங்கி எழுதப்பட்ட விதியின்படியே அமைய வேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் அவள் கையில் சீட்டொன்று சேர வேண்டும். தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த ஒருவர் தராசருகே நிற்க வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் நாட்டில் உண்டு. அதன் பார்வை நகரத்துக் கடையின் தராசோடு நின்றுவிடலாகாது.

பல்கலைக்கழகங்களில் மலையகம் பற்றிய ஆய்வுகள் பெருகியுள்ளன. குடியுரிமை, இலக்கியம், பண்பாடு யாவும் பேசப்படுகின்றன, பேசப்படவும் வேண்டும். ஆனால் அன்றாடம் அரைப்பேரைத் தீர்மானிக்கும் அந்தத் தராசு ஆய்வாளரின் கண்ணிற் படுவது அரிது. கொழும்புத் துறைமுகத்தில் அசையாப் பொருளான கொள்கலனுக்கு வழங்கப்படும் நிறைநீதி, அதை நிரப்பும் மனிதருக்கு மறுக்கப்படும்வரை, ‘இலங்கைத் தேயிலை’ என்ற பெருமைக்குரிய முத்திரையின் கீழே நிறை குறிக்கப்படாத பாரமொன்று தொங்கிக்கொண்டேயிருக்கும். அதைக் கண்டவர் எவராயினும் கையை உயர்த்தலாம்; உயர்த்தவே வேண்டும்.