லயன்களை இடிப்பதா, திருத்துவதா?

அடைமழை தொடங்கினால் எனது வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகளின் கதிரைகள் காலியாகிவிடும். மறுநாள் கேட்டால், "கூரை ஒழுகிச்சு டீச்சர், கொப்பியெல்லாம் நனைஞ்சிருச்சு" என்பார்கள். பதுளையில் நீண்டகாலமாகக் கற்பிக்கும் எனக்கு இந்தப் பதில் பழகிவிட்டது. வெட்கப்பட வேண்டியதும் அதுதான்.

வெள்ளைக்காரன் காலத்து லயன்களை இடிப்பதா, திருத்துவதா என்ற பேச்சு டித்வா புயலுக்குப் பின்னர் மீண்டும் எழுந்திருக்கிறது. ஆனால் ஊவாவில் முதலில் பார்க்க வேண்டியது சுவரையல்ல, மலைச்சரிவை. கொஸ்லந்தை மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறிடமில்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை லயன்கள் மண்ணுக்குள் போயின. தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கியிருந்து, 2016இல்தான் பூனாகலையில் வீடு பெற்றார்கள். அதே பூனாகலைப் பகுதியில், கபரகலையில், 2023 மார்ச்சில் மீண்டும் மண் சரிந்தது. இப்படிப்பட்ட சரிவில் நிற்கும் லயனுக்குப் புதுத் தகரம் போடுவது வீண்செலவு மட்டுமல்ல, பாவமும்கூட.

சரி, பாதுகாப்பான இடத்தில் உள்ளவை? அவற்றைத் திருத்தலாம் என்றே நானும் நினைத்திருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்று தலைமுறை வாழும்போது எதைத் திருத்துவது? திருத்தினாலும் காணி அவர்களுடையதல்ல. 1992 முதல் தோட்டங்களை நிர்வகிப்பவை கம்பனிகள். ஓய்வுபெற்ற தொழிலாளி தன் செலவில் ஒரு சமையலறை கட்டவும் நிர்வாகத்தின் தயவு வேண்டும். இந்திய வீடமைப்புத் திட்டம் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு தந்தது. மத்திய, ஊவா மாகாணங்களுக்கு முதலில் 4,000, பின்னர் 2017இல் மேலும் 10,000 என அறிவிக்கப்பட்டது. நல்ல விடயம். ஆயினும் புது வீட்டுக்கு ஒரு குடும்பம் போனதும், இடிக்காமல் விட்ட பழைய அறையில் மகனின் குடும்பம் குடியேறுகிறது. அறைகளை எண்ணி வீடு கொடுத்தால் இப்படித்தான் நடக்கும். குடும்பங்களை எண்ண வேண்டும். சாவியும் காணி உறுதியும் கைக்கு வந்த பிறகே பழையதை இடிக்க வேண்டும்.

"இது தோட்டத்து ஆட்களின் பிரச்சினை, நமக்கென்ன?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். பண்டாரவளையிலும் ஹாலிஎலயிலும் நமது கடைகள் யாரை நம்பித் திறக்கப்படுகின்றன? அதை விடுவோம். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் சகோதரர்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் எத்தனை வருடம் "தற்காலிகமாக" இருந்தார்கள் என்று நமக்குத் தெரியும். புயலில் வீடிழந்த தோட்டக் குடும்பங்களுக்கும் இப்போது அதே சொல்தான் சொல்லப்படுகிறது.