மனைவியின் கையெழுத்து, கணவரின் முடிவு

மகளிர் சுயஉதவிக் குழுவில் பெண்ணின் பெயரில் கடன் வருகிறது. கையெழுத்து அவளுடையது. தவணைக்காக அலைவதும் அவளே. பணமோ கணவரின் ஆட்டோவுக்கோ மகனின் வளைகுடா விசாவுக்கோ போய்விடுகிறது. போகட்டும், குடும்பத்துக்குத்தானே என்பார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதே என் கேள்வி.

தமிழக அரசு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் இக்குழுக்களைத் தொடங்கியது. 12 முதல் 20 பெண்கள் கூடிச் சேமித்து, யாருக்கு முதலில் கடன் என்பதைத் தாங்களே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். கிடைக்கும் கடனைவிட அந்தப் புத்தகத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். அங்கே பேசக் கற்றவள் வீட்டுக்குள் நுழைந்ததும் வாய்மூடி நிற்க வேண்டியிருக்கிறது.

மார்க்கம் இப்படியா சொன்னது? பெண் சம்பாதித்ததில் அவளுக்குப் பங்குண்டு என்கிறது அல்குர்ஆன் (4:32). குழந்தையின் பால்குடியை நிறுத்துவதைக்கூடப் பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்து, மனமொப்பிச் செய்யச் சொல்கிறது (2:233). ஹுதைபிய்யாவில் தோழர்கள் பலியிடவும் முடி களையவும் தயங்கி நின்றபோது, நபி (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் சென்று உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் அதைக் கூறினார்கள். யாரிடமும் பேசாமல் தாங்களே முதலில் செய்யுங்கள் என்பது அன்னையாரின் ஆலோசனை. அவ்வாறே செய்தார்கள், தோழர்களும் எழுந்தார்கள். ஒரு சமுதாயத்தின் இக்கட்டில் மனைவியின் யோசனை ஏற்கப்பட்டது. நம் வீட்டில் ஒரு தையல் இயந்திரம் வாங்க அது ஏற்கப்படுவதில்லை.

“வட்டி இருக்கிறது, குழுவே வேண்டாம்” என்போரும் உண்டு. வட்டி ஹராம் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் அவளுடைய நகையை அடகுக் கடைக்கு எடுத்துச் செல்லும்போது இந்தப் பேணுதல் எங்கே போகிறது? குழுவைத் தடுத்துவிட்டு வேறு வழியும் காட்டாவிட்டால், தினவசூல்காரர் வாசலில் வந்து நிற்பார்.

வழி இருக்கிறது. 15 பெண்கள் வாரம் 50 ரூபாய் சேர்த்தால் ஓராண்டில் 39,000 ரூபாய். அதையே வட்டியின்றிச் சுழற்றலாம். ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து ஒரு தொகையை அழகிய கடனாகத் தந்தால் இன்னும் விரைவாக வளரும். கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்பதும் இறைக்கட்டளைதான் (2:282). அந்தக் கணக்குப் புத்தகம் மட்டும் ஜமாஅத் செயலாளரின் மேசைக்குப் போகாமல், அப்பெண்களின் கையிலேயே இருக்கட்டும்.