பணிவுத் தொடரும் பறிபோகும் வழக்கும்

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று இடைநிலைப்பள்ளி புகும் மாணாக்கன், ஆங்கிலத்தில் முறைக்கடிதம் எழுதக் கற்கும் காலத்தில், அவன் கையில் ஒரு பட்டியல் வந்து சேருகின்றது. பிறர் முன்னர் எழுதியதையோ பேசியதையோ மீண்டும் குறிப்பிட நேரும் இடங்களில் இட்டு நிரப்புதற்குரிய தொடர்களின் பட்டியல் அது. ‘ஆஸ் யூ ஹாவ் ரைட்லி ஸ்டேட்டட்’, ‘ஆஸ் பெர் யுவர் லெட்டர்’, ‘ஆஸ் அஃபோர்மென்ஷன்ட்’, ‘வித் ரெஃபரன்ஸ் டு யுவர் ஸ்டேட்மென்ட்’ என இவ்வாறு பத்துப் பன்னிரண்டு தொடர்கள். இவற்றுள் எதனை எடுத்து எங்கே வைத்தாலும் கடிதம் கண்ணியம் பெற்றுவிடும் என்பது அப்பட்டியல் தரும் நம்பிக்கை. பொருள் வேறுபாடு கற்பிக்கப்படுவதில்லை. திருமண வீட்டில் வாடகைக்கு எடுத்த கோட்டுப்போல, யாருக்கும் பொருந்தும் என்று சொல்லி எல்லார் தோளிலும் ஏற்றப்படுகின்றது.

இதனால் யாருக்கு என்ன கேடு என்று வினவுவோர், ஒரு காட்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞன் ஒருவனுக்கு நிருவாகம் காரணங்கேட்டுக் கடிதம் அனுப்புகின்றது. ‘சுராட் துஞ்சுக் செபாப்’ என்று மலாய்மொழியில் வழங்கும் அக்கடிதம். மார்ச்சு 3ஆம் நாள் அவன் ஒப்புதலின்றிப் பணிக்கு வாராதிருந்தான் என்பது அதிலுள்ள குற்றச்சாட்டு. உண்மையில் அவன் மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாக ஒப்புதல் பெற்றே விடுப்பில் நின்றவன். அதனை விளக்கி மறுமொழி எழுத அமர்கின்றான். பள்ளியில் மனப்பாடம் செய்த தொடர் கைக்கு வருகின்றது. ‘ஆஸ் யூ ஹாவ் ரைட்லி ஸ்டேட்டட்’ என்று தொடங்கி, ஒப்புதலின்றி வாராதிருந்ததாக நிருவாகம் எழுதிய அதே சொற்களை அப்படியே பெயர்த்தெழுதி, அதன்பின் ‘பட்’ என்று போட்டுத் தன் விளக்கத்தைச் சேர்க்கின்றான். அவன் எண்ணியது பணிவு. எழுதியதோ, ‘தாங்கள் சரியாகக் கூறியுள்ளவாறே நான் ஒப்புதலின்றி வாராதிருந்தேன்’ என்னும் ஒப்புதல் வாக்குமூலம்! விசாரணையில் அமர்வோர் ‘பட்’டுக்குப் பின்னர் உள்ளதைப் படிப்பதற்கு முன்பே அவன் வழக்குப் பறிபோய்விட்டது.

‘ரைட்லி’யை நீக்கிவிட்டால் போதாதோ எனின், போதாது. ‘ஆஸ்’ என்னும் ஓரசைச் சொல்லே ஒப்புதலை உள்ளடக்கியது. ஒருவர் சொன்னபடியே நிகழ்ந்தது என்று காட்டுதற்கு அமைந்த சொல் அது. சொன்னார் என்பதை மட்டும் காட்டி, நிகழ்ந்ததோ இல்லையோ என்பதைத் திறந்து வைக்க வேண்டுமாயின், ‘யுவர் லெட்டர் ஸ்டேட்ஸ் தட்’ என்று எழுதுவதே முறை. ‘தங்கள் கடிதம் இவ்வாறு கூறுகின்றது’ என்பது அதன் பொருள். அடுத்த வாக்கியத்தில் ‘திஸ் இஸ் நாட் கரெக்ட்’ என்று நான்கே சொற்களில் மறுத்துவிடலாம். இதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

ஏனைய தொடர்களின் நிலையும் இதுவே. ‘ஆஸ் பெர்’ என்பது வணிகக் கடிதத்தில் பிறந்து வளர்ந்தது; விலைப்பட்டியலின்படி, கட்டளையின்படி என்று சரக்கு அனுப்புவோர்க்கு உதவுவது. ஒருவர் வெளியிட்ட கருத்தைச் சுட்ட அது எவ்வாற்றானும் ஏற்றதன்று. ‘அஃபோர்மென்ஷன்ட்’ என்பது எழுதுவோன் தன் எழுத்தின் மேற்பகுதியில் தானே குறிப்பிட்டதைச் சுட்டும் ‘மேற்கூறிய’ என்பதற்கு நிகர். அதனை எதிராளியின் கடிதத்தில் உள்ளதற்கு ஏற்றிச் சொன்னால், படிப்போர் மேலே தேடிக் களைத்துப்போவர். ‘வித் ரெஃபரன்ஸ் டு’ மட்டும் எந்தக் கடிதம் என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நிரபராதி. கடிதத்தின் தலைப்பில் ஒருமுறை வந்தால் போதும்.

இத்தொடர்களுக்குப் பின் நிற்கும் வினைச்சொற்களோ இன்னும் கூர்மையானவை. ‘பாயிண்டட் அவுட்’ என்றால் சொன்னது உண்மை என்று எழுதுவோனும் ஏற்றுக்கொண்டான். ‘கிளெய்ம்ட்’ என்றால் ஐயம் கிளப்பினான். ‘அலெஜ்ட்’ என்றால், மெய்ப்பிக்கப்படாத குற்றச்சாட்டு என்று ஒதுக்கினான். ‘அட்மிட்டட்’ என்றால் எதிராளி தன் பிழையை ஒப்பினான் என்று முத்திரையிட்டான். தலைமையாசிரியருக்கு எழுதும் மடலில் ‘ஆஸ் யூ அட்மிட்டட்’ என்று ஒரு மாணாக்கன் எழுதினால், அதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை. எழுதியவனுக்கோ அது தெரியாது. பட்டியலில் இவை நான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக, உடன்பிறந்தார்போல, ‘சொன்னார்’ என்பதற்கு மாற்றுச் சொற்களாக நிற்கின்றன. ஒரே சொல் மீண்டும் வாராதிருத்தல் நடைக்கு அழகு என்று கூறி, நீதிபதி தீர்ப்பை மாற்றுவதுபோல வரிக்கு வரி வினையை மாற்றுகின்றான் பிள்ளை!

முறைசார் ஆங்கிலம் இத்தகைய பகட்டுத் தொடர்களால் ஆனது என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயாவின் அரசு அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் தோட்டங்களிலும் கணக்கெழுதிய கிராணிமார்கள் பயின்ற கடித நடை அது. ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று இரந்து தொடங்கி, ‘யுவர் ஒபீடியண்ட் சர்வண்ட்’ என்று அடிமை கூறி முடியும். நடப்பு மாதத்தை ‘இன்ஸ்டண்ட்’ என்றும் சென்ற மாதத்தை ‘அல்டிமோ’ என்றும் இலத்தீனில் குறிக்கும். அக்காலத்தில் அதற்கு ஒரு பயன் இருந்தது, பிழைப்பு இருந்தது. அவர்களைப் பழிப்பதற்கில்லை. ஆயின், அந்நடையை அவர்களுக்குக் கற்பித்த நாட்டிலேயே அது எள்ளி நகையாடப்பட்டது என்பதை இங்குள்ளோர் கருதுவதில்லை. ஏ. பி. ஹெர்பர்ட் 1935இல் ஒரு நூல் எழுதி அலுவலக நடையைக் கிண்டல் செய்தார். பிரிட்டானிய நிதித்துறை தன் அலுவலர்களின் எழுத்தைச் சீர்செய்ய வேண்டி எர்னஸ்ட் கவர்ஸ் என்னும் மூத்த அலுவலரை அணுகியது. அதன் விளைவாக 1948இல் ‘பிளெயின் வர்ட்ஸ்’ வெளிவந்தது, 1954இல் அது விரிந்து முழுநூலாயிற்று. எழுதுவோன் என்ன சொல்ல விரும்புகின்றான் என்பதை முதலில் தான் தெளிந்து, பின் எளிய சொல்லால் சொல்லுக என்பதே அவர் அறிவுரை. வெள்ளைக்காரன் குப்பையில் எறிந்த கோட்டினை இங்கே இன்னும் தூசு தட்டி அணிவிக்கின்றார்கள்.

மெய்யான முறைசார் ஆங்கிலம் எத்துணை நுட்பமாகப் பிறர் கூற்றைக் கையாள்கின்றது என்பதை அறிய விரும்புவோர் வழக்காடு மன்றத்தைப் பார்க்கலாம். வாதி எழுதிய ஒவ்வொரு கூற்றுக்கும் பிரதிவாதி தன் மறுமொழியில் ஒப்புகின்றேன் எனலாம், மறுக்கின்றேன் எனலாம், ஒப்பவில்லை, மெய்ப்பித்துக் காட்டுக எனலாம். எதுவும் கூறாது விட்டால், ஒப்பியதாகவே கொள்ளப்படும் என்பது பொதுச்சட்ட மரபு. வழக்குரைஞர் ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கினால் எதிர்ப்பக்கத்தார் கூறியது தவறு என்று பொருள். ‘வித் தி கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்’ என்றால் மிகப் பெரிய தவறு என்று பொருள். மரியாதை கூடக்கூட மறுப்பும் கூடுகின்றது. பணிவும் உடன்பாடும் வேறு வேறு என்பதை அவர்கள் அறிவர். பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை அறியான்.

ஆங்கிலப் பாடத்தின் குறையைத் தமிழாசிரியர்முன் வைப்பானேன் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உள. அப்பட்டியல் தமிழுக்குள்ளும் புகுந்துவிட்டது. ‘தாங்கள் சரியாகச் சுட்டிக்காட்டியுள்ளபடி’ என்று தொடங்காத சங்கக் கடிதம் அரிதாகி வருகின்றது. மேடையிலோ, ‘எனக்கு முன் பேசியவர் மிக அழகாகக் கூறியதுபோல’ என்று தொடங்கி, முன் பேசியவர் கூறியதற்கு நேர்மாறானதைக் கூறி அமர்வோர் பலர். அவையும் கைதட்டுகின்றது, முன் பேசியவரும் கைதட்டுகின்றார்.

மற்றொரு காரணமே முதன்மையானது. இந்நோய்க்கு மருந்து தமிழாசிரியரிடம் உள்ளது. பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் எழுவகை மதம் கூறுகின்றார். உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதல் என்பன அவற்றுள் முதல் மூன்று. பிறர் கூற்றை எடுத்துரைப்பதும் அதற்கு உடன்படுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதை இதனினும் தெளிவாக எந்த ஆங்கில நூல் கூறும்? சேனாவரையர் தமக்கு முந்திய இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்று மதிப்போடு சுட்டி, அவர் கருத்தை எடுத்து வைத்து, அது பொருந்தாமையைக் காட்டுகின்றார். பெயரில் மதிப்பு உண்டு. கருத்தில் விட்டுக்கொடுத்தல் இல்லை. சிவஞான முனிவர் இலக்கண விளக்கத்தை மறுத்தெழுதிய நூலுக்குச் ‘சூறாவளி’ என்றே பெயர். இவற்றையெல்லாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்வித்துவிட்டு, பக்கத்து வகுப்பில் அதே பிள்ளை ‘ஆஸ் யூ ஹாவ் ரைட்லி ஸ்டேட்டட்’ எழுதுவதைப் பாராமுகமாக இருப்பது எங்ஙனம்?

நூல்வழக்கு வேண்டா, பேச்சுவழக்கே போதும். ‘அவன் வந்தான்’ என்பதற்கும் ‘அவன் வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வயதுக் குழந்தை அறியும். முன்னதில் சொல்வோன் பொறுப்பேற்கின்றான். பின்னதில் கேட்டதைக் கடத்துகின்றான். ‘ஆம்’ என்னும் ஓரிடைச்சொல் செய்யும் இப்பணியை ஆங்கிலம் ‘ரிப்போர்ட்டட்லி’, ‘அலெஜட்லி’ என்னும் நீண்ட சொற்களைக் கொண்டு செய்கின்றது. மலாய்மொழியில் ‘கொனொன்’ என்னும் சொல் இதற்கு அண்டை வீட்டான். மூன்று மொழி பயிலும் பிள்ளைக்கு இரண்டு மொழிகளில் ஏற்கெனவே உள்ள அறிவை மூன்றாவதில் பயன்படுத்தக் கற்பியாமல், அதனை மறக்கச்செய்யும் பட்டியலைத் தருவது கல்வியாகாது.

பட்டியலுக்குப் பரிந்து பேசுவோர் கூறுவதில் ஓர் உண்மை உண்டு. வீட்டில் ஆங்கிலம் கேளாத பிள்ளைக்குப் பிடித்து நடக்க ஒரு கோல் வேண்டும். தேர்வு மண்டபத்தில் வெறுந்தாளைப் பார்த்து மலைப்பதினும் ஆயத்தத் தொடரொன்று நினைவுக்கு வருவது நன்று. இது மறுக்கத்தக்கதன்று. கோல் கொடுக்கட்டும், எந்தக் கோல் பாம்படிக்க, எந்தக் கோல் ஊன்ற என்று சொல்லிக் கொடுக்கட்டும். மூயெட் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் குழுவாக அமர்ந்து உரையாடும் மாணாக்கர், அருகிலுள்ளவர் கூறியதை ஏற்றோ மறுத்தோ தொடர வேண்டியவர்கள். அங்கே எல்லாரும் எல்லாரையும் ‘ரைட்லி’ என்று பாராட்டிக்கொண்டிருந்தால் உரையாடல் ஏது?

வகுப்பறையில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டுவதில்லை. ‘மேசையை உடைத்தவன் குமரன்’ என்று ஒருவன் கூறியதாகக் கரும்பலகையில் எழுதி, குமரனே அதற்கு மறுமொழி எழுதுவதாக வைத்து, ‘கூறியபடி’, ‘கூறுவது’, ‘கூற்றுப்படி’, ‘கூறினாராம்’ என நான்கு வகையாகத் தமிழில் எழுதச் செய்து, எந்த வாக்கியத்தில் குமரன் மாட்டிக்கொள்கின்றான் என்று கேட்டால், பின்வரிசைப் பையனும் கை உயர்த்துவான். அதன்பின் அதே நான்கையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த மேசையில்தான் அமர்ந்திருக்கின்றனர்.