ஏட்டுச் சுரைக்காயும் அணு வைத்தியமும்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்ப்பக்கத்தில் இரண்டு பேருக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. ஒருவர் மாம்பழ வியாபாரி. மற்றவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். பரீட்சை முடிவு வெளியாக வேண்டியதுதான் தாமதம், "மேற்கொண்டு எதில் சேர்க்கலாம், ஸார்?" என்ற கேள்வியுடன் பெற்றோர்கள் படையெடுத்து வந்துவிடுகிறார்கள். முன்னெல்லாம் இதற்கு விடை சொல்வது வெகு சுலபம். டாக்டர் அல்லது என்ஜினீயர் என்று சொல்லி, ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடலாம். இப்பொழுதோ சர்வகலாசாலைகளின் பாடப் பட்டியலுக்கு முன்னால் கல்யாண வீட்டுப் பலகாரப் பட்டியல் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஒரு பெயர் பலருடைய கண்ணிலும் பட்டு, சிலருடைய வயிற்றில் புளியைக் கரைத்து வருகிறது. 'நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி' என்பது அது. 'அணு வைத்தியத் தொழில்நுட்பம்' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 'அணு' என்ற சொல் காதில் விழுந்ததுமே தாய்மார்களுக்கு ஹிரோஷிமா ஞாபகம் வந்துவிடுகிறது. "வேண்டவே வேண்டாம், ஸார்! நாளைக்குப் பெண்ணுக்குக் கல்யாணம் காட்சி நடக்க வேண்டாமா?" என்கிறார்கள். தகப்பனார்களோ, "சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவ்விரண்டையும்விட முக்கியமான மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம்.

முதலில் இந்த வைத்தியம் இன்னதென்று தெரிந்துகொள்வோம். எக்ஸ்ரே படத்தில் கதிர் வெளியிலிருந்து வருகிறது. அது உடம்பை ஊடுருவிச் சென்று எலும்பின் உருவத்தைக் காட்டுகிறது. அணு வைத்தியத்திலோ, உடம்புக்குள்ளேயே ஒரு சின்ன விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, வெளியில் இருந்து பார்க்கிறார்கள். கதிரியக்கமுள்ள மருந்து சிறிதளவு ரத்தக் குழாயில் செலுத்தப்படுகிறது. அந்த மருந்து எலும்பை நாடிப் போவதா, சிறுநீரகத்தை நாடிப் போவதா, இருதயத்தை நாடிப் போவதா என்பது அதனுடன் சேர்க்கும் ரசாயனப் பொருளைப் பொறுத்தது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அது வீசும் காமாக் கதிர்களை ஒரு பிரம்மாண்டமான காமிரா பிடித்துப் படமாக்குகிறது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை மற்றப் படங்கள் சொல்லும். அது வேலை செய்கிறதா, எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இந்தப் படம் சொல்லும்.

இந்த யுக்திக்கு மூலபுருஷர் ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் டி ஹெவெஸி என்னும் விஞ்ஞானி. அவரைப் பற்றி ஒரு வேடிக்கையான கதை வழங்குகிறது. 1911-ஆம் வருஷ வாக்கில் அவர் மான்செஸ்டர் நகரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். விடுதியின் சொந்தக்காரி முந்திய நாள் மிஞ்சிய பண்டங்களையே உருமாற்றி மறுபடியும் பரிமாறுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். ஒரு நாள் தம் தட்டில் மிச்சம் வைத்த உணவில் துளிக் கதிரியக்கப் பொருளைச் சேர்த்து வைத்தாராம். சில நாள் கழித்து வந்த உணவைக் கருவியால் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டுவிட்டதாம்! மறைந்து போகும் பொருளின் பின்னால் ஓர் ஒற்றனை அனுப்பும் இந்த முறைக்காக 1943-ஆம் வருஷத்து ரசாயன நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இன்று உலகத்து ஆஸ்பத்திரிகளில் மிக அதிகமாக உபயோகமாகும் ஒற்றனுக்கு 'டெக்னீஷியம் 99 எம்' என்று பெயர். டெக்னீஷியம் என்னும் மூலப்பொருளை 1937-ல் இத்தாலியில் பாலெர்மோ நகரத்தில் கண்டுபிடித்தார்கள். இந்த 99 எம் வகையின் பெரிய குணம், பெரிய தோஷம் இரண்டும் ஒன்றே. ஆறு மணி நேரத்தில் அதன் சக்தி பாதியாகிவிடும். நோயாளிக்கு அது நல்லது. கதிர் உடம்பில் நெடுநேரம் தங்காது. மருந்தைத் தயார் செய்கிறவருக்கோ பெரும் சங்கடம். வாங்கி அலமாரியில் பூட்டி வைக்க முடியாது. ஆகையால் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். மாலிப்டினம் என்ற தாய்ப்பொருளை ஈயக் கவசத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அது ஓயாமல் டெக்னீஷியமாக மாறிக்கொண்டிருக்கும். காலையில் உப்பு நீரை அதன் வழியே இழுத்தால் டெக்னீஷியம் கரைந்து வந்துவிடும். இதற்குத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'பசுவைக் கறப்பது' என்பதேயாகும்! ஒரு பசுவை ஏறக்குறைய ஒரு வாரம் கறக்கலாம்.

சரி, இதைப் படிப்பது எப்படி? நம் தேசத்தில் இந்த வைத்தியத்துக்கு வித்து ஊன்றிய இடங்களில் ஒன்று, மும்பையில் 1963-ஆம் வருஷம் அணுசக்தித் துறை நிறுவிய கதிரியக்க மருத்துவ மையம். விஞ்ஞானப் பட்டம் பெற்றவர்கள் அதற்கு மேல் இந்தத் தொழிலைக் கற்கும் டிப்ளோமாப் படிப்பை அங்கே ஏற்படுத்தினார்கள். பள்ளிக்கூடம் முடித்ததும் நேரே சேரக்கூடிய பட்டப் படிப்புகள் பிறகு வந்தன. மணிப்பால் சர்வகலாசாலையிலும், நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரிலும் அவை உண்டு. இப்படிப்பட்ட பட்டப் படிப்பு பொதுவாக நான்கு வருஷம். முதல் மூன்று வருஷங்களில் உடற்கூறு, பௌதிகம், கதிரியக்க ரசாயனம், கருவிகளின் அமைப்பு, கதிர்ப் பாதுகாப்பு ஆகியவை. நான்காவது வருஷம் முழுவதும் ஆஸ்பத்திரியில் பயிற்சி.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம் பெரியோர்கள் சொல்லிவைத்தார்களே, அது இந்த நான்காவது வருஷத்தை முன்கூட்டியே கண்டு சொன்னது போல இருக்கிறது. அங்கே மாணவன் கற்கும் பாடங்கள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள்.

முதலாவது, காலம். பகல் ஒரு மணிக்கு ஒரு நோயாளிக்கு 20 மில்லிகியூரி மருந்து தேவை என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கே அதைக் கறந்து வைத்தால் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? நாற்பது. கணக்கு என்னவோ சுலபமானதே. ஆனால் நோயாளி வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது, இன்னொருவருக்கு ரத்தக் குழாய் அகப்படவில்லை, காமிரா சண்டித்தனம் செய்கிறது என்று எல்லாம் சேர்ந்து வரும்போது கணக்கு அவ்வளவு சுலபமாக இருப்பதில்லை. கறந்த மருந்தில் தாய்ப்பொருளான மாலிப்டினம் கலந்து வந்திருக்கிறதா என்று, பாலில் தண்ணீர் பார்ப்பது போல, ஒவ்வொரு நாளும் சோதிக்கவும் வேண்டும். காமிரா எங்கும் ஒரே சீராகப் பார்க்கிறதா என்பதையும் முதல் நோயாளி வருமுன் பார்த்துவிட வேண்டும். 2009-ல் கானடாவில் மாலிப்டினம் உற்பத்தி செய்த அணு உலை பழுதாகி நின்றபோது, பல தேசங்களில் நோயாளிகளின் சோதனைகள் தள்ளிப்போயின. எவ்வளவு பெரிய தனவந்தராலும் சேர்த்து வைக்க முடியாத செல்வம் இது!

இரண்டாவது, கண். எலும்புப் படத்துக்கு மருந்து செலுத்தி மூன்று மணி நேரம் போலக் காத்திருக்க வேண்டும். அதற்குள் எலும்பில் சேராத மருந்து சிறுநீரில் வெளியேறும். வயோதிகர் ஒருவருடைய வேஷ்டியில் ஒரு சொட்டுச் சிறுநீர் பட்டுவிட்டால் போதும். படத்தில் தொடை எலும்பின் மீது ஒரு பிரகாசமான புள்ளி தோன்றும். புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் அப்படித்தான் புள்ளி தோன்றும்! படத்தைப் படித்துச் சொல்வது டாக்டரின் வேலை என்பது மெய்யே. ஆனால் டாக்டர் பார்ப்பது படத்தை. வேஷ்டியைப் பார்த்தவர் படம் எடுத்தவர் அல்லவா? வேஷ்டியை மாற்றி, தோலைத் துடைத்து, மறுபடி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றாவிட்டால், ஒரு குடும்பமே இல்லாத நோய்க்காக அழும்படி நேரலாம். புஸ்தகத்தில் இது ஒரு வரி. ஆஸ்பத்திரியில் ஒரு முறை கண்ணால் கண்டவன் ஆயுள் உள்ளவரை மறக்க மாட்டான்.

மூன்றாவது, நாக்கு. புற்றுநோயைத் தேடும் 'பெட்' சோதனையில் கதிரியக்கம் ஏற்றிய ஒருவகைச் சர்க்கரையைச் செலுத்துகிறார்கள். இதன் சக்தி 110 நிமிஷத்தில் பாதியாகும். ஊசி போட்ட பிறகு நோயாளி சுமார் ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே இருந்தால் தொண்டைத் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியும். குளிரில் நடுங்கினாலும் குழப்பம் உண்டாகும். நம் ஜனங்களை ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதை வகுப்பறையில் இருபது வருஷம் கழித்த என்னைக் கேளுங்கள்! அதைவிடக் கஷ்டமானது இன்னொன்று. கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனைகளைச் சாதாரணமாகச் செய்வதில்லை. ஆகவே புதிதாக மணமான பெண் வந்தால், "கர்ப்பமாக இருக்கிறாயா, அம்மா?" என்று கேட்டே தீர வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கையில் கேட்டால் உண்மை வருமா? தனியே அழைத்து, அவள் மனம் நோகாமல் கேட்கும் விதத்தை எந்தச் சர்வகலாசாலைப் பரீட்சையில் மதிப்பெண் போட்டுச் சோதிக்க முடியும்?

இவை மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று இருக்கிறது. மனச்சாட்சி என்று அதற்குப் பெயர். இந்த மருந்துக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தரையில் ஒரு துளி சிந்தினால் கண்ணுக்குத் தெரியாது. ஊசி ரத்தக் குழாயை விட்டு விலகி மருந்து தோலுக்கடியில் போய்விட்டாலும், போட்டவருக்குத்தான் முதலில் தெரியும். "சிந்திவிட்டது" என்று உடனே சொல்கிறவனைப் பாராட்டுகிற இடத்தில் பயின்ற மாணவன், பிறகு எங்கே போனாலும் சொல்வான். சொன்னவனைத் திட்டுகிற இடத்தில் பயின்றவனோ, துடைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவான்.

இப்பொழுது தாய்மார்களின் பயத்துக்கு வருவோம். கதிர் விளையாட்டுப் பொருள் அல்ல என்பது உண்மை. அதனால்தான் ஊசிக்குக் கவசம், மருந்துக்கு ஈயக் கலசம், மார்பில் கதிரை அளக்கும் வில்லை என்று இத்தனை ஏற்பாடுகள். 1983-ல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஐந்து வருஷச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் என்றும், எந்த ஒரு வருஷத்திலும் 30-க்கு மேல் கூடாது என்றும் எல்லை வகுத்திருக்கிறது. ஒழுங்காக நடக்கும் இடங்களில் அளவு இந்த எல்லைக்கு வெகு கீழேயே நிற்கிறது. கர்ப்பம் தரித்த பெண் ஊழியர் அதைத் தெரிவித்துவிட்டால், சிசுவுக்கென்று மேலும் கண்டிப்பான எல்லை உண்டு. தூரத்தை இரு மடங்காக்கினால் கதிர் நாலில் ஒரு பங்காகும் என்று பள்ளியில் படிக்கிறோமே, அந்தச் சூத்திரத்தைக் கால்களுக்குக் கற்பித்துக் கொடுப்பதும் அந்த நான்காவது வருஷந்தான். ஆகவே பயப்பட வேண்டியது தொழிலைக் கண்டு அன்று. அரைகுறைப் பயிற்சியைக் கண்டுதான்.

என்னிடம் படித்த பையன் ஒருவன், பெயர் சொல்ல வேண்டியதில்லாத ஒரு கலாசாலையில் இந்தப் படிப்பில் சேர்ந்தான். தகப்பனார் நிலத்தை அடகு வைத்துச் சம்பளம் கட்டினார். பயிற்சி வருஷம் வந்தபோது அவனை அனுப்பிய இடத்தில் ரிஜிஸ்தர் எழுதச் சொன்னார்கள். நோயாளிகளின் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொன்னார்கள். மருந்து தயாரிக்கும் அறையின் வாசற்படியை அவன் தாண்டவே இல்லை. பட்டம் கிடைத்தது, முதல் வகுப்பு! வேலைக்குப் போன இடத்தில், "எங்கே, பசுவைக் கறந்து காட்டு, தம்பி" என்றார்கள். பையன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். ஒரு வருஷம் குறைந்த சம்பளத்தில் வேறோர் இடத்தில் ஆரம்பப் பாடத்திலிருந்து அவன் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அடகு வைத்த நிலத்துக்கு வட்டி அந்த ஒரு வருஷம் நின்றா இருந்தது?

ஆகையால் பெற்றோர்களே, நீங்கள் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி இதுதான்: "என் குழந்தையின் கையில் யார், எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம் வேலையைக் கொடுப்பார்கள்?" அந்த ஆஸ்பத்திரிக்கு ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருக்கிறதா, கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறாரா, மாணவர்களுக்கும் கதிர் அளக்கும் வில்லை கொடுக்கிறார்களா, காமிரா ஒன்றுக்கு மாணவர் எத்தனை பேர் என்றெல்லாம் தயங்காமல் விசாரியுங்கள். மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கிறோமே, அதில் பாதிச் சிரத்தை இதற்குப் போதும்.

வர்ண வர்ணமாக அச்சிட்ட விளம்பரப் புஸ்தகத்தைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். வேலை நாள் ஒன்றில், காலை ஏழு மணிக்கு, முன்கூட்டியே அனுமதி பெற்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து அறைக்குள் உங்களை விட மாட்டார்கள், விடவும் கூடாது. வெளியே நின்று, உள்ளே பசுவைக் கறப்பது யார் என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தில் ஆசிரியர் நிற்க, ஒரு மாணவன் கறக்கிறான் என்று பதில் வந்தால், தைரியமாகச் சம்பளத்தைக் கட்டலாம்.