90 சென்ட்டும் 4 லட்சம் டாலரும்

சர்க்கார் கையை எடுத்துக்கொண்டால் போதும், சந்தை எல்லோருக்கும் சோறு போடும் என்று உபதேசிக்கும் பொருளாதாரப் பண்டிதர்கள் அமெரிக்காவில் ஏராளம். அந்த உபதேசத்தைச் சட்டமாக்கப் புறப்பட்டவர்களில் முக்கியமானவர் டிக் ஆர்மி.

டெக்சாஸ் மாகாணத்தில் சர்க்கார் பல்கலைக் கழகம் ஒன்றில் பொருளாதாரத் துறைத் தலைவராக இருந்தவர் இவர். மக்கள் வரிப்பணத்தில் சம்பளம். பாடமோ சர்க்காருக்கு எதிராக! 1984இல் குடியரசுக் கட்சியின் சார்பில் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். 1995 முதல் 2003 வரை அச்சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக விளங்கினார்.

அவர் வகுத்த வரித் திட்டத்தைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே விகிதம், 17 சதவீதம்! கேட்பதற்குச் சமத்துவம். ஆனால் உழைப்பவனின் சம்பளத்துக்கு வரி உண்டு. பங்குதாரர் கையில் சேரும் லாப ஈவுக்கும் வட்டிக்கும் வரி இல்லை. கம்பெனி ஏற்கெனவே வரி கட்டிவிட்டதாம்! இதற்குப் பெயர் சமத்துவமா?

1996இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலர். அதை 5.15 ஆக்க மசோதா வந்தது. 90 சென்ட் உயர்வு! முழு மூச்சுடன் எதிர்த்தார் ஆர்மி. கூலி உயர்ந்தால் வேலை போய்விடும் என்பது அவர் தரப்பின் வாதம். எதிர்ப்பை மீறிச் சட்டம் நிறைவேறியது. நடந்தது என்ன? 1996இல் 5.4 சதவீதமாக இருந்த வேலையின்மை 2000இல் 4 சதவீதமாகக் குறைந்தது. கூலி உயர்வால்தான் குறைந்தது என்று நாம் சொல்லவில்லை. பேராசிரியரின் ஆரூடம் பொய்த்தது என்றே சொல்கிறோம்.

2002 ஆகஸ்டில் ஈராக் மீது படையெடுப்பது நியாயமல்ல என்று பேசினார். அக்டோபரில் யுத்தத்துக்கே வாக்களித்தார்! அவருடைய கொள்கை உறுதி அவ்வளவுதான்.

பதவி விட்ட பின் பெரிய வக்கீல் கம்பெனியில் ஆலோசகர் வேலை; பிறகு 'ஃப்ரீடம் ஒர்க்ஸ்' என்ற அமைப்பின் தலைமை. 2012இல் உட்பூசலால் வெளியேறியபோது, ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் வீதம் 20 ஆண்டுகளுக்கு, ஆக 80 லட்சம் டாலர் தர ஏற்பாடாயிற்று.

கணக்குப் போடுவோம். அந்த ஆண்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம், வருஷம் முழுதும் ஓயாமல் உழைத்தால் 15,080 டாலர். அப்படிப்பட்ட 26 தொழிலாளர்களின் வருஷக் கூலி, வெளியேறிய ஒருவருக்கு!

தொழிலாளிக்கு 90 சென்ட் கூடினால் பொருளாதாரம் கவிழுமாம். தலைவருக்கு 4 லட்சம் கொடுத்தால் கவிழாதாம். இதுதான் அவர்கள் கற்பிக்கும் பொருளாதாரம். இதற்கு விடை எழுத வேண்டியவர்கள் அந்த 26 பேரே!