மாற்று மருந்துக்குப் பூட்டு; ஊசிக்குத் திறந்த கதவு!

முகத்திலே சுருக்கம் விழுவது குற்றமன்று. அதனை மறைக்க விரும்புவதும் குற்றமன்று. தம் கைப்பொருளைத் தம் முகத்துக்குச் செலவிடும் உரிமை எவருக்கும் உண்டு. அதனைப் பழிக்க நாம் வரவில்லை. நாம் கேட்பது இதுவே: ஊசி ஏற்றுகிறவர் யார்? அவருக்கு அந்த அதிகாரத்தை அளித்தவர் யார்?

ஃபில்லர் எனப்படும் நிரப்புப் பசைகளுட் பெரும்பாலானவை ஹயலுரோனிக் அமிலத்தால் ஆனவை. அவ்வமிலம் நஞ்சன்று; எமது தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயற்கையாகவே உள்ளது. 1934இல் நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜோன் பால்மரும் மாட்டின் கண்ணிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். நீரை ஈர்த்து வைத்திருக்கும் அப்பொருளைப் பசையாக்கி, வயதினால் வற்றிய கன்னத்தில் ஏற்றினால் பள்ளம் நிரம்பும்.

ஆனால், பள்ளம் கண்ட இடத்திற் சாந்து பூசுவதற்கு முகம் சுவரன்று. ஊசிமுனை தவறிப் பசை நாடிக்குள் புகுந்தால் இரத்தவோட்டம் தடைப்படும், தோல் கருகும். மூக்கையும் புருவ நடுவையும் சார்ந்த நாடிகள் கண்ணின் நாடியோடு தொடர்புடையன. அவ்வழியே பசை சென்றாற் பார்வையே பறிபோகும். இது அரிது என்பர். உண்மை, ஆயினும் பறிபோன பார்வை மீள்வதும் அரிதே!

அடைபட்ட நாடியிலுள்ள பசையைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்னும் நொதியம் உண்டு. இனி, எம்மவர் பல்லாயிரவர் வாழும் இங்கிலாந்தின் சட்டத்தைப் பாருங்கள். கரைக்கும் நொதியத்துக்கு மருந்துச் சீட்டு வேண்டும். பொட்டொக்ஸுக்கும் வேண்டும். பசைக்கோ சீட்டு வேண்டியதில்லை! வைத்தியப் பட்டமோ தாதிப் பயிற்சியோ இல்லாதவரும் அதனை ஏற்றலாம். தீ மூட்ட எவருக்கும் உரிமை. நீர் ஊற்றச் சிலருக்கு மாத்திரம் உரிமை! இதுவா நீதி?

ஆட்சியாளர் அறியாமல் இருந்தனரா? இல்லை. 2013இல் சேர் புரூஸ் கியோ தலைமையில் வெளிவந்த அறிக்கை, இச்சிகிச்சை பெறுவோருக்குள்ள பாதுகாப்பு, குமிழ்முனைப் பேனா வாங்குபவருக்கு உள்ளதிலும் மேலானதன்று என எச்சரித்தது. எட்டாண்டுகளின் பின், 2021இல், பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு அழகுக்காக இவ்வூசி ஏற்றுவதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022இல் அனுமதிப்பத்திர முறையை ஏற்படுத்தும் அதிகாரத்தைப் பாராளுமன்றம் அமைச்சருக்கு அளித்தது. 2025 ஆகஸ்டில் அமைச்சு மீண்டும் அறிவித்தது, நடவடிக்கை எடுக்கப்படும் என்று! அதிகாரம் கைக்கு வந்து மூன்றாண்டுகள் சென்றும் அம்முறை நடைமுறைக்கு வரவில்லை.

வயது வந்தோர் சம்மதித்தே செல்கின்றனர், அரசு தலையிடுவானேன் என்பாரும் உளர். சம்மதம் என்பது கையொப்பமன்று. ஆபத்தை அறிந்து இசைதலே சம்மதம். பாரதூரமான ஆபத்துக்களை நோயாளிக்கு எடுத்துரைப்பது வைத்தியரின் கடமை என்று 2015இல் மொன்ற்கொமரி வழக்கிற் பிரித்தானிய அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடி எங்கே ஓடுகிறதென்று தாமே அறியாத ஒருவர், எதனை எடுத்துரைப்பார்?

ஆகவே நாம் கோருவது இது: அனுமதிப்பத்திரமின்றி எவரும் ஊசி ஏற்றலாகாது. கரைக்கும் நொதியமும், அதனை வழங்கும் தகுதியுடையவரும் இல்லாத இடத்திற் பசை ஏற்றலாகாது. தீங்கு நேர்ந்தால் நட்டஈடு வழங்கக் காப்புறுதி இருத்தல் வேண்டும். அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாளாவிருக்கும் அரசு, இனி நேரும் ஒவ்வொரு தீங்குக்கும் பொறுப்பாளியாகும்.