நுங்கு வண்டியும் கிரானைட் துண்டும்

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு சாலையில், குத்தம்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நுங்குக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒரு டஜன் வாங்கினேன். அவர் சீவிப் போட்ட காய்களில் ஒரே அளவாக இரண்டைப் பொறுக்கி, நடுவே ஒரு குச்சியைச் சொருகி, தள்ளுவதற்கு வேலியோரம் ஒரு கவைக்குச்சியையும் ஒடித்தேன். மகனுக்கு ஒன்பது வயசு. “இது எதுக்குப்பா?” என்றான்.

முதல் வண்டி நொண்டியது. ஒரு காயில் குச்சி நடுவே இறங்காமல் ஓரமாக இறங்கியிருந்தது. காயை மாற்றினேன், அடுத்தது கழன்று ஓடியது. மூன்றாவது ஜோடிதான் நேராகப் போனது. அதற்குள் பையன் கவைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டான். இரண்டு முறை தோற்றதற்கு யாருக்கும் நான் விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை எங்களை ஓட்டல் ஹாலில் உட்காரவைத்து, கலர் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, உங்களுக்குள் இருக்கும் குழந்தையை வெளியே கொண்டுவாருங்கள் என்பார்கள். மதியம் பிரியாணி. மறுநாள் பஞ்ச் அடித்து உள்ளே நுழையும்போது குழந்தை கேட்டிலேயே நின்றுவிடும்.

சின்ன வயசில் காலி நூல்கண்டுக் கட்டையை ஜன்னல் கம்பியில் கோத்து, மேலே நூலைப் போட்டு, இரு முனையிலும் தீப்பெட்டி கட்டி ‘லிஃப்ட்’ விடுவோம். மண் நிரப்பிய பெட்டி இறங்கும், காலிப் பெட்டி ஏறும். பிரஸ் ஷாப்பில் அதைத்தான் செய்து பார்த்தேன். பார்ட்ஸ் நிறைந்த தட்டு தன் கனத்தால் சரிவில் வழுக்கி அடுத்த ஆளிடம் போகும். அவர் எடுத்துக் காலியானதும் மறுமுனையில் தொங்கும் எடை அதைத் திரும்ப இழுத்துவிடும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. “டிராயிங்ல இல்லாதத எதுக்குப்பா பண்றே?” என்றார் அன்றைய ஃபோர்மேன். எட்டு மாசம் அது மூலையில் கிடந்தது. பிறகு ஜப்பானிலிருந்து வந்த ஒருவர் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் இதற்குக் ‘கரகுரி’ என்று பெயர் என்றார். அதற்கப்புறம் அது நல்ல யோசனையாகிவிட்டது.

கரகுரி என்றால் அங்கே பழைய காலத்து விசைப் பொம்மை. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தால் நடந்து வரும், எடுத்தால் நிற்கும். 1799இல் குருமே என்ற ஊரில் பிறந்த ஹிசாஷிகே தனாகா இளம் வயதிலேயே இப்படிப் பொம்மை செய்து திருவிழாவில் காட்டியவர். 1875இல், எழுபத்தைந்து வயது தாண்டி, தோக்கியோவில் ஒரு பட்டறை போட்டார். அதுதான் வளர்ந்து பின்னாளில் தோஷிபாவானது.

அவ்வளவு தூரம் போவானேன்? குத்தம்பாக்கத்துக்காரர்தான் ரங்கசாமி இளங்கோ. வேதிப் பொறியாளர், ஆயில் இந்தியாவிலும், பிறகு மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, 1996இல் பஞ்சாயத்துத் தலைவரானார். கழிவுநீர்க் கால்வாய் கட்டும்போது, அக்கம்பக்கத்து ஆலைகளில் மிஞ்சிய கிரானைட் துண்டுகளைக் கொண்டுவந்து பதித்தார். செலவு குறைந்தது. ஆனால் ஒப்புதல் வாங்கிய எஸ்டிமேட்டில் அந்தக் கல் இல்லையே! பதவியிலிருந்து கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். அப்புறம் திரும்பி வந்தார், 2006 வரை இருந்தார்.

அவர் காலத்தில் வந்த சமத்துவபுரம் எனக்கு இன்னும் பிடித்தது. சூளையில் சுடாமல், மண்ணை அழுத்திச் செய்த கற்களால் எழுந்த வீடுகள். இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். ஒரு பக்கம் தலித் குடும்பம், ஒட்டிய பக்கம் வேறு சாதிக் குடும்பம், நடுவே பொதுச் சுவர். ஏரிக்கரையில் மண் பிசைந்து வீடு கட்டும் பிள்ளைகள், பக்கத்து வீடு யாருடையது என்று கேட்பதில்லை. இப்படி விளையாட்டாகச் செய்து பார்ப்பதை உத்தியோக முன்னேற்றம் என்று மதித்து எந்த நிறுவனமும் அப்ரைசலில் மார்க் போடாது. எனக்கும் அந்தத் தட்டுக்குக் கிடைத்தது நோட்டீஸ் போர்டில் ஒரு போட்டோவும் ஐந்நூறு ரூபாய் கூப்பனும்தான். பிரமோஷன் நாலு வருஷம் கழித்து, சீனியாரிட்டியில் வந்தது. ஆனால் அந்த எட்டு மாசமும் காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்ப அலுப்புத் தட்டவில்லை.

இப்போது நானே அந்த ஃபோர்மேன் நாற்காலியில் இருக்கிறேன். போன வாரம் ஒரு அப்ரண்டிஸ் பையன் சைக்கிள் டியூபும் பிவிசி பைப்பும் வைத்து எதையோ கட்டிக்கொண்டு வந்து நின்றான். வாய் வரைக்கும் வந்துவிட்டது, ‘டிராயிங் எங்கேப்பா?’ உங்களிடமும் யாராவது இப்படி வந்து நிற்பார்கள். எஸ்டிமேட் கேட்பதற்கு முன்னால், ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.